பழம் பொறிக்குப் புதிய ஆட்டம்

செய்த கம்பெனியார் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆயின. கடையில் விற்பாரும் இல்லை, பழுது நேரின் செப்பனிடுவாரும் அரியர். இத்தகைய ஒரு பொறிக்கெனப் புதிதாக ஆட்டம் இயற்றி, அதனை அழகுற அச்சிட்ட பெட்டியில் இட்டு வெளியிடுவோர் இந்நாளில் உளர் என்று கூறின், கேட்போர் முதலில் நகைப்பர். பின்னர், ‘இதனாற் பயன் யாது?’ என வினவுவர். பயன் உண்டென்பதே எம் கருத்து. ஆயினும், அவ்வாட்டங்களை வெளியிடும் முறையில் ஒரு பெருங்குறை நேர்ந்துவருகின்றது. அது தீராவிடின் இயற்றியோர் உழைப்பு இருந்த இடம் தெரியாது மறையும். அதனை எடுத்துக்காட்டுதற்கே இக்கட்டுரை எழுந்தது.

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுதற்குரிய பொறியைக் கன்சோல் என்பர். 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி 2600 வெளிவந்தது. நின்டெண்டோ கம்பெனியார் 1983-இல் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெயராலும், 1985-இல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயராலும் தம் பொறியைப் பரப்பினர். 1988-இல் சேகா கம்பெனியாரின் மெகா டிரைவும், அதற்கு மறு ஆண்டில் கையிலேந்தி ஆடும் கேம் பாயும் தோன்றின. இவற்றிற்குரிய ஆட்டங்கள் கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு கூட்டினுள் அமைந்த ரோம் சில்லில் பதிக்கப்பெற்று விற்கப்பட்டன. இக்காலத்தில், கம்பெனியின் ஏவலும் ஊதியமும் இன்றித் தம் விருப்பம் ஒன்றே காரணமாக இப்பொறிகளுக்கு ஒருவரோ ஒரு சிறு குழுவினரோ இயற்றும் ஆட்டத்தை ஹோம்புரூ என வழங்குகின்றனர். தொழிற்சாலையில் வடிக்காது வீட்டிலேயே வடித்த மதுவுக்கு ஆங்கிலர் இட்ட பெயர் அது. பெயர் நம் கல்லூரிக்கு ஏற்றதன்றெனினும், வேறு பெயர் வழக்கில் இன்மையின் அதனையே யாமும் கொள்வோம்.

இனி, இவ்வேலையின் அருமை எத்தகையது என்பதை அட்டாரி 2600 ஒன்றைக் கொண்டே விளக்குவோம். ஏனையவற்றினும் இது மிகச் சிறியது. ஆகலின், இதில் ஆட்டம் செய்வோனது இடர்ப்பாடும் வெளிப்படையாகத் தெரியும்.

அப்பொறியின் தற்காலிக நினைவகம், அதாவது ரேம், 128 பைட் அளவினது. இவ்வளவு எத்துணைச் சிறிதென்பதை நாம் உணர்வதற்கு ஒரு கணக்குப் போதும். திருக்குறளின் முதற் குறளை இன்றைய யூடிஎஃப்-8 முறைப்படி கணினியில் எழுதின் 123 பைட் ஆகின்றது. ஒரு குறளை உள்ளே வைத்தால் அப்பொறியின் நினைவகத்தில் எஞ்சுவது ஐந்தே பைட்! ஆடுவோன் நிற்கும் இடம், பகைவர் நிற்கும் இடம், பெற்ற எண், எஞ்சிய உயிர், ஒலியின் நிலை ஆகிய யாவும் இந்த 128-க்குள்ளேயே அடங்குதல் வேண்டும். நிரலைத் தாங்கும் கார்ட்ரிட்ஜோ, வேறு உபாயம் ஒன்றும் செய்யாவிடின், 4,096 பைட் கொள்ளும்.

இதனினும் வியப்பானது படம் எழுதும் முறை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் எலக்ட்ரான் கற்றை ஒன்று, திரையின் மேலிருந்து கீழ் வரையில் கோடு கோடாக ஓடி ஒளியெழுப்பும். அமெரிக்க முறையில் ஒரு படத்திற்கு 262 கோடுகள். ஒரு விநாடிக்கு ஏறத்தாழ அறுபது படங்கள். பிற்காலத்துப் பொறிகள் தோன்றவேண்டிய காட்சியை முன்னரே நினைவகத்தில் அமைத்து வைக்கும். கற்றை ஓடும்போது அதற்கென அமைந்த சில்லு அதனைப் படித்துத் திரைக்கு அனுப்பும். 1977-இல் நினைவகச் சில்லின் விலை மிகுதியாகலின் அட்டாரியில் அவ்வாறு செய்ய இயலவில்லை. அதன் காட்சிச் சில்லு ஒரே ஒரு கோட்டிற்கு வேண்டிய செய்தியை மட்டும் ஏந்தி நிற்கும். அடுத்த கோட்டில் வேறு வடிவம் தோன்றவேண்டுமாயின், கற்றை அவ்விடம் சேருமுன் நிரல் புதிய செய்தியை அச்சில்லில் இட்டுவிட வேண்டும்.

ஒரு கோடு ஓடி முடிவதற்குள் செயலிக்குக் கிடைப்பது 76 துடிப்பு. மிக விரைவான கட்டளைக்கும் இரண்டு துடிப்பு செல்லும்; ஒரு மதிப்பை எடுத்துக் காட்சிச் சில்லில் இடுதற்கு ஐந்தேனும் வேண்டும். ஆகவே ஒரு கோட்டிற்குள் ஒருவன் செய்யக்கூடிய மாற்றம் பதினைந்திற்கு மேற்படாது. அதற்குள் ‘இது செய்வதா, அது செய்வதா’ என நிரல் ஆராயப் புகுந்தாலோ அந்தப் பதினைந்தும் குறையும். கோடுகளின் எண்ணிக்கை படத்துக்குப் படம் மாறுமாயின் திரை நடுங்கும், அல்லது உருளும். ஆட்டத்தின் கணக்குகளையெல்லாம் கற்றை கீழிருந்து மேலுக்குத் திரும்பும் சிறு இடைவேளையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு துடிப்பையும் எண்ணியெண்ணிச் செலவிடுவோனது நிலை, மாதக் கடைசியில் காசெண்ணும் குமாஸ்தாவின் நிலையினும் கடினமானதே.

‘இக்கஷ்டத்தை வலிய ஏற்பானேன்? இன்றைய கணினியில் இதைவிட ஆயிரமடங்கு எளிதாகச் செய்யலாமே’ என்பர். செய்யலாம், மறுப்பாரில்லை. ஆனால், இன்றைய கணினியில் நிரல் எழுதுவோர், தமக்கும் பொறிக்கும் இடையே பிறர் அடுக்கிவைத்த பல நிரல்களின் மேல் நின்றே எழுதுகின்றனர். அடியில் நடப்பதை முற்றும் அறிந்தவர் ஒருவரேனும் உளரோ என்பது ஐயம். அட்டாரியின் செயலியையும் காட்சிச் சில்லையும் பொறுமையுள்ள மாணவர் ஒருவர் ஒரு விடுமுறைக்குள் முழுதும் கற்றுவிடலாம். திரையில் ஒரு புள்ளி ஏன் அவ்விடத்தில், அந்நிறத்தில் தோன்றிற்று என்பதற்கு அவரால் இறுதிவரையில் விடை கூற இயலும். ஒரு பொறியை முழுதறிந்து ஆளும் இந்த நிறைவு வேறெங்கும் இக்காலத்தில் எளிதிற் கிடைப்பதன்று. கணினிக்கலை பயிலும் நம் நண்பர்கள் இதனை ஒருமுறையேனும் சுவைத்துப் பார்த்தல் நன்று.

ஒரு பொறியின் எல்லை இதுவே என அதனைச் செய்தவர் கருதியது தவறென்பதை இத்தன்னார்வலர் பலமுறை மெய்ப்பித்துள்ளனர். 1982-இல் அட்டாரி கம்பெனியார் தம் பொறிக்கென வெளியிட்ட பாக்-மேன் இலட்சக்கணக்கில் விற்றதேனும், ஆடியோர் பலர் மனம் நொந்தனர். நான்கு பேய்களையும் ஒரே வேளையில் காட்டாது, படத்திற்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டியதால் அவை ஓயாது மின்னி மறைந்தன. ‘4,096 பைட்டில் இவ்வளவே கூடும்’ என்பதே அன்று பலரும் கொண்ட எண்ணம். பல்லாண்டு கழித்துத் தனியொருவர் அதே 4,096 பைட்டில், அதே ஆட்டத்தைத் திருந்திய முறையில் செய்து காட்டினார். கம்பெனியின் நிரலருக்குக் காலக்கெடு இருந்தது, இவருக்கு இல்லை. ஆகலின் முன்னவரை இகழ்தல் முறையன்று. ஆயினும், பிறர்க்குரிய பெயரையும் உருவையும் எடுத்தாளும் இத்தகைய ஆட்டங்களினும், புதிதாகக் கற்பித்துச் செய்யும் ஆட்டமே சிறந்தது என்பது எம் துணிபு. பிறர் உரிமைப்பொருள் ஒன்றன்மேல் எழுப்பிய ஆட்டத்தை உரிமையாளர் எந்நாளிலும் நிறுத்தக்கூடும் அன்றோ?

என்.இ.எஸ். பொறிக்கு ரேம் 2 கிலோபைட். ஒரே கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு மேல் தோன்றா. 2019-இல் மார்ஃப்கேட் என்னும் சிறு குழுவினர் மைக்ரோ மேஜஸ் என்ற ஆட்டத்தை, அப்பொறியின் தொடக்ககாலக் கார்ட்ரிட்ஜ் கொள்ளும் 40 கிலோபைட்டிற்குள்ளேயே அடக்கி, நால்வர் ஒருங்கே ஆடும்படி அமைத்தனர். ஒரு வடிவத்தின் பாதியை மட்டும் வைத்து மறுபாதியைக் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டுதல் முதலிய அவர்தம் சிக்கன உபாயங்களை அவர்களே பிறரறிய விளக்கியுமிருக்கின்றனர்.

நிற்க. பொறியைச் செய்த கம்பெனியின் இசைவின்றி அதற்கு ஆட்டம் செய்தல் சட்டத்திற்கு ஒத்ததோ என்னும் வினா எழும். அட்டாரி 2600-இல் பூட்டு ஏதும் இல்லை. நின்டெண்டோ கம்பெனியாரோ, கார்ட்ரிட்ஜிலும் பொறியிலும் ஒவ்வொரு சில்லை வைத்து, இரண்டும் ஒத்துப் பேசினாலன்றி ஆட்டம் தொடங்காதபடி செய்தனர். சேகா கம்பெனியார் தம் பிற்காலப் பொறிகளில், கார்ட்ரிட்ஜின் குறித்த இடத்தில் ‘சேகா’ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்கள் உளவோ எனப் பார்க்கும் ஏற்பாட்டை அமைத்தனர். 1992-ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டில் இரு வழக்குகள் தீர்ந்தன. அக்கோலேடு கம்பெனியார் கடையில் வாங்கிய ஆட்டங்களைப் பிரித்தாராய்ந்து சேகாப் பூட்டின் இயல்பை அறிந்தனர். பொறியோடு ஒத்தியங்குதற்கு வேண்டிய அளவில், வேறு வழியில்லாதபோது, இங்ஙனம் ஆராய்தல் நியாயமான பயன்பாடே என நீதிமன்றம் கூறிற்று. மற்றை வழக்கில் அட்டாரி கேம்ஸ் கம்பெனியார், நின்டெண்டோப் பூட்டின் நிரலைப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து, வழக்கு நடப்பதாகப் பொய் கூறிப் பெற்றிருந்தனர். அவர்க்கு நீதிமன்றம் துணை நிற்கவில்லை. ஆராய்ந்தறிதல் வேறு, வஞ்சித்தறிதல் வேறு என்பதை அவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார் நன்கறிவர்.

இனி வெளியிடும் முறைக்கு வருவோம். எழுதிய நிரலை முதலில் எமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பர். எமுலேட்டர் என்பது, பழம் பொறியைப் போலவே நடிக்கும் நிரல். அது மன்னித்துவிடும் பிழைகளை உண்மைப் பொறி மன்னிப்பதில்லை. ஆகையால் பழம் பொறியிலும் பழந் தொலைக்காட்சியிலும் இட்டுச் சோதித்தல் இன்றியமையாதது. பிறகு சில்லில் பதித்து, கூட்டில் அடைத்து, மேற்சீட்டு ஒட்டி, கையேடு அச்சிட்டு விற்பர். தொடக்கத்தில் பழைய ஆட்டங்களின் கூட்டையே பிரித்து அதனுள் புதிய சில்லை வைத்தவரும் உண்டு. ஒன்றைப் பிறப்பிக்க ஒன்றைக் கொல்லும் அவ்வழக்கம், புதிய கூடுகளும் பலகைகளும் செய்வோர் தோன்றியபின் பெரும்பாலும் ஒழிந்தது, ஒழிந்ததும் நன்றே. 1998-இல் எழுந்த அட்டாரி ஏஜ் என்னும் நிலையம் இத்தகைய ஆட்டங்கள் பலவற்றைக் கார்ட்ரிட்ஜாக்கி விற்றது. 2023-இல் இக்காலத்து அட்டாரி நிறுவனத்தாரே அதனைத் தம் உடைமையாக்கிக் கொண்டனர்.

எம் முறையீடு இங்கேதான் தொடங்குகின்றது. ஆட்டத்தைச் சில பிரதிகள் மட்டும் செய்து, ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டு, ‘இதற்குமேல் ஒன்றும் செய்யமாட்டோம்’ என உறுதி கூறி விற்போர் பலர். பிரதிகள் சில நாளில் விற்றுப்போகும். வாங்கியவருள் பலர் ஆடுதற்கு வாங்கியவரல்லர். உறை கிழியாமல் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர், அன்றேல் விலை ஏறும் வரையில் காத்திருப்பவர். ஆட்டத்தின் ரோம் கோப்பையோ எவர்க்கும் கொடுப்பதில்லை. அஃது இயற்றியோன் கணினியில் ஒன்றும், அலமாரிகளில் அடைபட்ட சில்லுகளில் சிலவுமாக நிற்கும். இதனை வெளியீடு என்பது பொருந்துமோ? ஏட்டுச்சுவடியை எவர்க்கும் காட்டாது பெட்டியில் பூட்டிக் காத்தவர் வீட்டில் செல்லரித்த செய்தியை நாம் அறிவோம்.

பழைய கம்பெனி ஆட்டங்கள் இன்றும் ஆடப்பெறுவதற்குக் காரணம் கம்பெனியார் அவற்றைப் பேணியமை அன்று. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இப்போது கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என வீடியோ ஆட்ட வரலாற்று நிலையத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அங்ஙனமாகவும் அவற்றுட் பல அழியாதிருப்பது, பல்லாயிரம் கார்ட்ரிட்ஜுகள் உலகெங்கும் சிதறிக் கிடந்து, அவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து எவரேனும் ஒருவர் நகலெடுத்து வைத்தமையாலன்றோ? 1983-இல் அட்டாரி கம்பெனியார் விற்காத கார்ட்ரிட்ஜுகளை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்னும் ஊரில் மண்ணிற் புதைத்தனர். 2014-இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது ஈ.டி. என்னும் ஆட்டத்தின் பிரதிகள் வெளிப்பட்டன. அகழ்ந்தவர் வேடிக்கைக்காக அகழ்ந்தனரேயன்றி, அவ்வாட்டத்தை மீட்பதற்காக அன்று. மண்ணுக்கு மேலேயே அது வேண்டுமளவும் இருந்தது. நூறு பிரதியே செய்த ஹோம்புரூ ஆட்டத்திற்கு இப்பாதுகாப்பு இல்லை. 1982-இல் வந்ததினும் சென்ற ஆண்டு வந்தது முந்தி மறைதல் கூடும்.

சில்லும் நிலையானதன்று. கம்பெனிகள் இலட்சக்கணக்கில் செய்தபோது, செய்தி சில்லின் அமைப்பிலேயே வார்க்கப்பட்டது. அது நெடுங்காலம் நிற்கும். சில பிரதிகளே செய்வோர், மின்னேற்றத்தால் செய்தியைத் தாங்கும் சில்லுகளையே கையாள வேண்டியவராயுள்ளனர். அம்மின்னேற்றம் பல ஆண்டுகளில் மெல்லக் கசியும் இயல்பினது. உறை கிழிக்காது வைத்திருக்கும் செல்வர், ஒருநாள் கிழித்துப் பார்க்கையில் உள்ளே ஆட்டம் இல்லாதிருத்தலும் கூடும்.

கோப்பைக் கொடாதார் கூறும் காரணங்களுள் முதலாவது களவு. ‘கோப்பைக் கொடுத்தால் அந்நியர் அதனைச் சில்லில் பதித்து விற்றுவிடுவர்’ என்பர். இஃது உண்மையான துன்பமே. பிறர் உழைப்பைத் தம் சரக்காக விற்கும் வணிகர் உளர். ஆனால், அத்தகையோர் ஒரு கார்ட்ரிட்ஜை விலைக்கு வாங்கி, அதிலிருந்தே நகலெடுக்க வல்லவர். கோப்பை மறைப்பதனால் கள்வன் தடைப்படுவது சில நாழிகை. நேர்மையாக ஆட விரும்பும் எளியவனோ என்றைக்கும் தடைப்படுகின்றான். கடல் கடந்த நாட்டில் இருக்கும் மாணவனுக்குக் கார்ட்ரிட்ஜின் விலையோடு கப்பற்கூலியும் சுங்கமும் சேர்ந்தால், அது எட்டாக் கனியே.

பொருள் வரவு இரண்டாவது காரணம். இரவு பல விழித்து இயற்றியவன் செலவிட்ட பொருளையேனும் திரும்பப் பெறுதல் நியாயமே. அதனை மறுப்பவர் தாம் ஒன்றும் செய்தறியாதவர். ஆயினும் கோப்பைக் கொடுத்தவர் வறுமையுற்றாரல்லர். டோபு டோபு கேர்ள் என்னும் கேம் பாய் ஆட்டம் 2017-இல் கோப்பும் மூல நிரலும் யாவர்க்கும் இலவசமாக அளிக்கப்பெற்று வந்தது. அதன் கார்ட்ரிட்ஜையும் மக்கள் விலை கொடுத்து விரும்பி வாங்கினர். மைக்ரோ மேஜஸ் செய்தோர் கார்ட்ரிட்ஜோடு கோப்பையும் தனியே விலைக்கு விற்றனர். கையிற் பிடிக்கும் பொருளை விரும்புவோர் ஒரு வகையினர். ஆட விரும்புவோர் மற்றொரு வகையினர். ஒருவர்க்குக் கொடுப்பதனால் மற்றவர் குறைவதில்லை.

அருமையே பெருமை என்பாரும் உளர்; யாவர்க்கும் கிடைத்தால் மதிப்புக் குன்றும் என்பது அவர் கொள்கை. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் ஆட்ட வெளியீட்டுப் பிரிவுக்குத் தலைவராயிருந்த எட் ஃப்ரைஸ் என்பார், அட்டாரியைப் பற்றி மான்ட்ஃபோர்ட், போகோஸ்ட் என்னும் இருவர் 2009-இல் வெளியிட்ட நூலைப் படித்து ஊக்கங்கொண்டு, 4,096 பைட்டில் ஹேலோ 2600 என்ற ஆட்டத்தை இயற்றி 2010-இல் வெளியிட்டார். அதன் கோப்பு விரும்பினார்க்கெல்லாம் கிடைத்தது, கார்ட்ரிட்ஜும் விற்கப்பட்டது. 2013-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கலைக்கூடத்தார் அதனைத் தம் நிலைத்த சேகரத்தில் ஏற்றுக்கொண்டனர். ஊரெல்லாம் உலவிய கோப்பென்று அக்கூடத்தார் அதனைத் தள்ளினாரில்லை.

மூல நிரலையும் வெளியிடல் வேண்டுமோ எனில், அதில் யாம் வற்புறுத்தோம். அது இயற்றியோனது பட்டறை. கதவைத் திறத்தலும் அடைத்தலும் அவன் விருப்பம். திறந்து வைப்பானாயின், பின்வரும் மாணவர் அவனை வாழ்த்துவர் என்பது மட்டும் உறுதி. கேம் பாய்க்கு நிரலறியாதாரும் ஆட்டம் செய்தற்கு உதவும் ஜிபி ஸ்டூடியோ 2019-இல் மூல நிரலோடு இலவசமாகவே வந்தது. அதனைக் கொண்டு பிறந்த ஆட்டங்கள் மிகப் பல. ஆனால் ஆடுதற்குரிய கோப்பின் நிலை வேறு. விற்பனை முடிந்தபின்னும் அதனைப் பூட்டி வைத்தற்கு யாம் ஒரு நியாயமும் காணோம். உடனே கொடுக்க மனமில்லாதார் ஓராண்டோ ஈராண்டோ கழித்துக் கொடுக்கலாம். அக்கெடுவை விற்கும்போதே பெட்டியின்மேல் அச்சிட்டுவிடலாம். தனித்து வெளியிடத் தயங்கும் இளைஞர், என்.இ.எஸ். நிரலர் 2011-இல் தொடங்கிய போட்டியைப் போன்றவற்றிற்குத் தம் சிற்றாட்டத்தை அனுப்பலாம். அப்போட்டிக்கு வந்த ஆட்டங்கள் பலவற்றை ஒரே கார்ட்ரிட்ஜில் திரட்டி ஆக்ஷன் 53 என்னும் தொகுதியாக்கி, அதன் கோப்பையும் வெளியே விட்டனர்.

கோப்போடு ஒரு தாளேனும் எழுதி வைத்தல் வேண்டும். எழுதி முடித்தது எவ்வாண்டு, திருத்திய பதிப்பு எத்தனையாவது, அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக்குரியதோ ஐரோப்பிய முறைக்குரியதோ, எவ்வகைக் கட்டையைப் பிடித்து ஆடுதல் வேண்டும், சித்திரமும் இசையும் யார் செய்தவை, பிறர் நகலெடுக்கலாமோ கூடாதோ என்பன அதில் இடம்பெறட்டும். அச்சிட்ட கையேட்டைப் படமெடுத்துச் சேர்ப்பின் இன்னும் நன்று. இப்போது கிடைக்கும் கோப்புகள் சிலவற்றிற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஐரோப்பிய முறைக்கு எழுதிய ஆட்டத்தை அமெரிக்கப் பொறியில் இட்டுத் திரை உருளுவதைக் கண்டு, ஆட்டமே பழுதென்று தள்ளுவாரும் உளர்.